செத்து மிதக்காத மீனுக்கும் ஆபத்து உண்டு

2020 செப்டம்பர் 3ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் நாற்றமடிக்கும் இரசாயனம் கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. உலு சிலாங்கூர் உட்படப் பல வட்டாரங்களில் குழாயில் தண்ணீர் நின்றது.

அன்று நாற்றம் நம்மை எச்சரித்தது. ஆனால் நாற்றமோ நிறமோ இல்லாமல் ஆற்றில் கலக்கும் இரசாயனங்களும் உண்டு. அவை மீனை உடனே கொல்வதில்லை. மீனின் ஹார்மோன் சுரப்பைக் குழப்புகின்றன.

ஹார்மோன் என்றால் என்ன?

வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்றவற்றுக்கு உடல் தானே சுரக்கும் தூதுப்பொருள் அது. சில மருந்துகள், சில பூச்சிமருந்துகள், பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பினால் ஏ போன்றவை ஹார்மோனைப் போலவே நடித்து உடலை ஏமாற்றும். இதனால்தான் மலேசியாவில் 2012 மார்ச் முதல் பிஸ்பினால் ஏ உள்ள குழந்தைப் பால் புட்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது.

மீனுக்கு என்ன ஆகும்?

கனடாவில் 2001 முதல் மூன்று ஆண்டுகள், ஒரு சிறிய ஏரியில் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை ஆய்வுக்காகக் கலந்தார்கள். அளவு மிகக் குறைவு: 1 லிட்டர் நீரில், 1 கிராமை 100 கோடிப் பங்காக்கினால் அதில் 5 அல்லது 6 பங்கு. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கான புரதம் உருவானது. குஞ்சுகள் குறைந்தன. ஒரு வகைச் சிறுமீன் ஏறக்குறைய அற்றுப்போனது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அந்த மீன் மீண்டும் பெருகியது. நாம் நிறுத்தினால் ஆறும் தேறும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• மீதமான, காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். கழிவுநீர் நிலையங்களால் மருந்துகளை முழுதாக அகற்ற முடியாது. அவற்றை அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக்கின் மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

• மருத்துவர் கொடுத்த மருந்தைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வீணாகும் மருந்தைத்தான் குறைக்க வேண்டும்.

• மருந்து அடித்த தோம்பையும் பம்பையும் ஆற்றிலோ கால்வாயிலோ கழுவாதீர்கள். காலித் தோம்பில் குடிநீர் பிடித்து வைக்காதீர்கள்.

• மீன் உடலுக்கு நல்லது, தொடர்ந்து சாப்பிடுங்கள். ஆனால் தொழிற்சாலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் இடத்தில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மீன்களிலும் குடலையும் கொழுப்பையும் நீக்கிச் சமையுங்கள்.

• ஆற்றில் கழிவு கொட்டுவதைக் கண்டால் சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.

கோலகுபு பாரு மலையடிவாரத்திலிருந்து வரும் சிலாங்கூர் ஆறு, பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து, கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. புக்கிட் பெருந்துங்கில் ஒரு வீட்டுக் கால்வாயில் கொட்டுவது அங்கேயே நின்றுவிடாது. இதை உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.