ஆப் சொல்லும் ஆறுதலை எந்த அளவுக்கு நம்பலாம்?

தண்டுவடம் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பனையிலிருந்து தவறி விழுந்தவர் உண்டு, கட்டடச் சாரத்திலிருந்து சரிந்தவர் உண்டு, பைக்கில் போய் லாரியில் மோதியவர் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை, கதீட்டர் மாற்ற வேண்டிய தேதி, பிசியோதெரபி எல்லாம் எழுதியிருக்கும். மனசைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. "தைரியமா இருங்க" என்ற ஒரு சொல்லோடு அந்தக் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்குப்படி, இவர்களில் சுமார் 22 சதவீதத்தினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. அப்படியானால் ஐந்தில் நான்கு பேருக்கு அது இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'கால் போனால் மனசும் போகத்தானே செய்யும்' என்பது வெளியே நின்று பார்ப்பவரின் அனுமானம். உறவினர்களும், சில நேரம் டாக்டர்களும்கூட இதை நம்புவதால், குணமாகக்கூடிய மனச்சோர்வை 'இயல்புதான்' என்று விட்டுவிடுகிறார்கள்.

கணினிவழி மனச்சிகிச்சை இந்த இடத்தில்தான் வருகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் மனநல ஆலோசனைக்குப் போக வேண்டுமென்றால் கார் பிடிக்க வேண்டும், தூக்கி உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும், போகிற இடத்தில் சாய்தளமும் கழிப்பறையும் இருக்க வேண்டும். வழியில் உடை நனைந்துவிடுமோ என்ற பயம் தனி. அதற்குப் பதில் வீட்டிலிருந்தபடியே கணினியிலோ போனிலோ வாரம் ஒரு பாடமாகப் படித்து, பயிற்சி செய்து, மனதில் ஓடுவதை எழுதி அனுப்புகிறார்கள். எண்ணம், நடத்தை, மனநிலை மூன்றுக்கும் உள்ள தொடர்பைப் பிடித்து மாற்றப் பழக்கும் முறை இது. சில திட்டங்களில் மறுமுனையில் ஒரு உளவியலாளர் வாரந்தோறும் பேசுவார் அல்லது பதில் எழுதுவார். சிலவற்றில் மென்பொருள் மட்டும்தான்.

பலன் இருக்கிறதா? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஒரு திட்டத்தின் சோதனை 2016-இல் வெளிவந்தது. கலந்துகொண்டவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. 2020-இல் கனடாவிலிருந்து வந்த, ஒருவர் கூடவே வழிநடத்திய இணையச் சிகிச்சையின் முன்னோட்டமும் நம்பிக்கையூட்டியது. ஆனால் ஆஸ்திரேலியச் சோதனையில் இருந்தவர்கள் அறுபதுக்கும் குறைவு. கனடாவில் அதைவிடக் குறைவு. ஆகவே இது பயனற்றது என்று தள்ளவும் முடியாது, 'நிரூபிக்கப்பட்ட சிகிச்சை' என்று விளம்பரம் செய்பவரை அப்படியே நம்பவும் முடியாது. பொதுவாக மனச்சோர்வுக்கான இணையச் சிகிச்சைகளில் ஒன்று மட்டும் தெளிவாகியிருக்கிறது: நோய் கொஞ்சம் கடுமையானால், மனிதர் ஒருவர் வழிநடத்தும் திட்டங்களே கூடுதல் பலன் தருகின்றன.

எனக்கு இதில் பெரிய கவலை வேறு. கடையில் கிடைக்கும் மனநல ஆப்கள் நடக்கிற, உணர்ச்சியுள்ள, தானே மூச்சை இழுத்துவிடக்கூடிய உடம்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'கால்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துங்கள்' என்று அது சொல்லும். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாதவரிடம் அது ஆறுதல் அல்ல, குத்தல். 'சோர்வாக இருந்தால் ஒரு நடை போய்வாருங்கள்' என்று இன்னொரு ஆலோசனை வரும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு மூச்சுத் தசைகள் பலவீனமானவருக்கு ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியே சிரமம்.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியலிலும் இதே சிக்கல். தூக்கம் கெட்டதா, களைப்பா, பசியில்லையா, அசைவு மந்தமா என்று கேட்கிறது. இரவில் திரும்பிப் படுக்க எழுப்பப்படுபவர், தசை இறுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர், நரம்பு வலிக்கு மருந்து சாப்பிடுபவர் எல்லோரும் இவற்றுக்கு 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். மதிப்பெண் ஏறும். அது மனசின் மதிப்பெண்ணா, உடம்பின் மதிப்பெண்ணா என்று பிரித்துப் பார்க்க மனிதர் வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான குழப்பம் ஒன்றும் இருக்கிறது. மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத் திடீரென ரத்த அழுத்தம் எகிறும் நிலை வரலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், மூக்கடைப்பு, கூடவே காரணம் புரியாத பதற்றம். கதீட்டர் மடங்கிச் சிறுநீர் தேங்கியது, மலம் இறுகியது, படுக்கைப் புண், இறுக்கமான உடை என்று காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். இதை ஒரு ஆப்பிடம் 'பயமா இருக்கு, வேர்க்குது, நெஞ்சு படபடக்குது' என்று எழுதினால் அது பீதித் தாக்கம் என்று எடுத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும். செய்ய வேண்டியதோ வேறு. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, கதீட்டரைப் பார்த்து, அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். சாதாரணமாகவே 90, 100 என்று இருக்கும் இவர்களின் மேல் அழுத்தம் 140 காட்டினால் புதிய டாக்டர்கூட 'பரவாயில்லை' என்று விட்டுவிடக்கூடும். 'இவருக்கு இது அதிகம்' என்று வீட்டார் அடித்துச் சொல்ல வேண்டும்.

அதேபோல், மனசு கொஞ்சம் தேறியதும் பேக்லோஃபென் போன்ற தசைத் தளர்வு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். பாடம் படிக்கிறேன் என்று ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் படுக்கைப் புண்ணுக்கு வழி. அரை மணிக்கு ஒருமுறையாவது உடல் எடையை மாற்ற வேண்டும்.

அடுத்து, ஆப்புக்கு அனுப்பும் எழுத்தை யார் தட்டச்சு செய்கிறார்கள் என்ற கேள்வி. கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரால் போனைத் தானாகப் பிடிக்க முடியாது. மனைவியோ மகனோ பிடிக்கிறார்கள், பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். 'நான் வீட்டுக்குச் சுமை, செத்தால் தேவலை' என்பதை மனைவி கையால் எழுதச் சொல்ல எந்தக் கணவனுக்கு வாய் வரும்? தாம்பத்தியம் பற்றிய கேள்விக்கு மகன் முன்னால் என்ன பதில் சொல்வார்? குரல்வழி எழுத்து என்றால் ஒரே அறை உள்ள வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். வாயால் பிடித்துத் தொடும் குச்சியோ, தலை அசைவில் நகரும் கர்சரோ, வாரத்தில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தித் தனியே விடுவதோ, எது முடியுமோ அதைக் குடும்பம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைக் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

வீட்டுக்கு வெளியே கசிவது இன்னொரு வகை. பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடுபோய், 2020-இல் நோயாளிகளுக்கே நேரடியாக 'பணம் கொடு, இல்லாவிட்டால் நீ சொன்னதை வெளியிடுவேன்' என்று மிரட்டல் வந்தது. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய ஆலோசனை நிறுவனம் பயனர்களின் நலத் தகவல்களை ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாகப் புகார் எழுந்து, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வசதியும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை உண்மைப் பெயர், முகவரி, ஆதார் எண் கேட்கும் இலவச மனநல ஆப்பை ஒதுக்கிவிடுவது நல்லது.

செயற்கை நுண்ணறிவு அரட்டை ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை: பேச்சுத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், சிகிச்சை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் அவை மனச்சிகிச்சை அளிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது.

எண்ணத்தை மாற்றப் பழக்கும் இந்தச் சிகிச்சை முறையிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. 'தவறான எண்ணத்தைச் சரிசெய்' என்கிறது அது. 'என்னால் வெளியே போக முடியாது' என்பது வாசலில் நான்கு படி உள்ள வீட்டில் தவறான எண்ணமே அல்ல. அங்கே மாற்ற வேண்டியது படியை. வேலை போய்விடும் என்ற பயமும் அப்படித்தான்: அரசுப் பணியில் இருக்கும்போது அடிபட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20(4) பிரிவு சொல்கிறது. செய்ய முடிந்த வேலை இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது சம்பளம் தர வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நன்றாகத் தூங்குபவர்கள் இருப்பார்கள்.

ஆப்பால் தரவே முடியாத இன்னொன்று, அதேபோல் அடிபட்ட ஒருவர் எதிரே வந்து பேசுவது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கும் தலைமை தாங்கினார். 1975-இல் கழுத்து அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது 1981-இல். மறுவாழ்வு மையத்தில் சேரும்போது 'என்னைப் போன்ற ஒருவரோடு பேச வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஏற்பாடு செய்வார்கள்.

சட்டம் என்ன தருகிறது? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அரசு நடத்தும் அல்லது நிதி தரும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அந்தச் சிகிச்சை இலவசம். நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பது சிகிச்சை தருபவரின் கடமை, உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21(4) பிரிவு. ஆனால் ஆஸ்பத்திரியில் சேராமல் பெறும் ஆலோசனையைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை, சேரும் முன்பே அந்த வரியைப் படித்துவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் வரும் என்று இன்னமும் பயப்படுகிறார்கள். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே சட்டம் அதைக் கருதுகிறது. அதைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. டிஜிட்டல் சேவைகளை மாற்றுத்திறனாளிகள் அணுக முடிவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இணையச் சிகிச்சைத் திட்டம் ஒன்றில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மறுமுனையில் இருப்பவர் யார்?' என்பது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் தயங்காமல் தர வேண்டும். பதிவில்லாமல் அந்தத் தொழில் செய்வது 1992-இன் சட்டப்படி தண்டனைக்குரியது. 'கவுன்சிலர்', 'கோச்' என்ற பட்டங்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்து, இரவு இரண்டு மணிக்கு 'சாகணும்போல இருக்கு' என்று எழுதினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். 'மறுநாள் பதில் வரும்' என்றால் அந்தத் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அப்படி ஒரு எண்ணம் வந்தால் ஆப்பை மூடிவிட்டு 14416-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்கும் இந்தச் சேவை இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். 104-ம் உண்டு.

ஏமாற்றப்பட்டால் திரையைப் படம் பிடித்து, பணம் கட்டிய ரசீதோடு வையுங்கள். ஆஸ்பத்திரிச் சேவையில் குறை என்றால் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடமும், பிறகு மனநல மறுஆய்வு வாரியத்திலும் முறையிடலாம். காப்பீடு மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சக்கர நாற்காலியில் இருப்பவர் பயன்படுத்த முடியாத சேவைக்கு எதிராக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சிகிச்சையைத் தராத நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இணையம் வழியாகவே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது.