ஆசிரியர் சம்பளம்: அன்றும் இன்றும்



திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்திருப்பது இறக்கக்கண்டி என்னும் சிற்றூர். இங்கே மீன் பிடிப்பவர் தம் உழைப்பின் விலையை அன்றன்றே அறிந்துகொள்வர். மீன் குறைந்தால் விலை ஏறும், மிகுந்தால் இறங்கும். ஆனால் அதே ஊரில் அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியரின் உழைப்புக்கு விலை வகுப்பது சந்தையன்று, சுற்றறிக்கையே. அரிசி விலை இன்று ஏறினால் ஆசிரியர் சம்பளம் ஏறுவதற்குச் சில வேளை ஓராண்டு செல்லும்; சில வேளை இருபது ஆண்டுகளும் சென்றதுண்டு.

சில காலத்துக்கு முன்னர் இளம் ஆசிரியை ஒருவர் தமது சம்பளச் சிட்டையுடன் என்னிடம் வந்தார். "சேர், இதில் எது என்னுடைய சம்பளம்?" என்று வினவினார். "எல்லாம் உம்முடையதுதான், பிள்ளை. ஆனால் எல்லாம் சம்பளமன்று" என்றேன். அவர் சிரித்தார். எனினும் அந்த வேறுபாட்டை அறியாமல் ஓய்வு பெற்றபின் கண் கலங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆதலால் அதனையே இன்று விளக்க முற்படுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலங்கையில் 1869ஆம் ஆண்டு பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பெற்றது. அதனையடுத்து மிசன் பாடசாலைகளுக்கும் பிற தனியார் பாடசாலைகளுக்கும் அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கியது. அந்நாளில் அந்நன்கொடை மாணவரின் பெறுபேற்றை ஒட்டியே அளக்கப்பட்டது. பரிசோதகர் வந்து, பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் சொல்லிப் பார்த்து, தேறியவர் தொகைக்கு ஏற்ப நன்கொடையை விதந்துரைப்பார். பரிசோதனை நாளில் பிள்ளை காய்ச்சலாற் படுத்துவிட்டால், அதன் நட்டம் பாடசாலைக்கு, ஈற்றில் ஆசிரியருக்கு. பிற்காலத்தில் இம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் உதவி பெறும் பாடசாலை ஆசிரியரின் வாழ்வு முகாமையாளரின் விருப்பு வெறுப்பில் நெடுங்காலம் தங்கியிருந்தது.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் பொறுப்பிற் கொணர்ந்தன. அச்சட்டங்களைப் பற்றிச் சமயச் சார்பான வாதங்கள் பல எழுந்தன. அவற்றுள் நான் இப்போது புகவில்லை. ஆசிரியரைப் பொறுத்தவரையில் அதன் விளைவு ஒன்று: பல்லாயிரம் பேருக்கு அரசாங்கமே தொழில் தருநராயிற்று. 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் முதல் இலங்கை ஆசிரியர் சேவை என்னும் தனிச் சேவை அமைந்தது. அந்நாளையே நாம் ஆசிரியர் தினமாகவும் கொண்டாடி வருகிறோம்.

இனி, சம்பளச் சிட்டைக்கு வருவோம். அதில் மூன்று பகுதிகள் உள. முதலாவது அடிப்படைச் சம்பளம். இரண்டாவது கொடுப்பனவுகள், பழைய வழக்கிற் சொன்னால், படிகள். வாழ்க்கைச் செலவுப்படி, கஷ்டப் பிரதேசப்படி முதலியன இதில் அடங்கும். மூன்றாவது கழிவுகள்: விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதியம், காப்புறுதி, இடர் கடன் தவணை முதலியன.

அடிப்படைச் சம்பளம் ஓர் ஏணி. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையில் ஆசிரியர் சேவையின் தொடக்கப் படிநிலைக்கு வகுக்கப்பட்ட அளவுத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது 27,740 ரூபாவில் தொடங்கியது. பின்னர் ஆண்டுக்கு 300 ரூபாவாக ஆறு ஏற்றங்கள். 380 ரூபாவாக ஏழு ஏற்றங்கள். 445 ரூபாவாக இரண்டு ஏற்றங்கள். முடிவு 33,090 ரூபா. கூட்டிப் பாருங்கள்: பதினைந்து ஏற்றங்களால் வந்து சேர்வது 5,350 ரூபா. பதவி உயர்வு பெறாத ஒருவர் பதினைந்து ஆண்டு உழைத்தும், தொடக்கச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மேலதிகமாகப் பெறமாட்டார். ஆகவே, சம்பளத்தை உண்மையாக உயர்த்துவன இரண்டே: ஒன்று, வகுப்பு உயர்வு; மற்றொன்று, அளவுத்திட்டத்தையே மாற்றும் சுற்றறிக்கை. ஆண்டு ஏற்றம் ஆறுதல் தருமேயன்றி விலைவாசியைத் துரத்திப் பிடிக்காது.

அச்சுற்றறிக்கையின் சிறப்பு வேறொன்றிலும் இருந்தது. அதுவரை தனியாக நின்ற சில படிகளை, 2016 தொடக்கம் 2020 வரை கட்டங் கட்டமாக அடிப்படைச் சம்பளத்தோடு அது சேர்த்தது. இதன் பயன் யாது? இளைப்பாற்றுச் சம்பளம் கணிக்கப்படுவது அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு. கையில் வாங்கிய முழுத் தொகையைக் கொண்டன்று. ஓய்வு பெறும்போது ஒருங்கே கிடைக்கும் பணிக்கொடையும் இருபத்துநான்கு மாத இளைப்பாற்றுச் சம்பளத்தை ஒட்டியதே. எனவே ஆயிரம் ரூபா படியாக வருவதும் ஆயிரம் ரூபா சம்பளமாக வருவதும் இன்றைய அடுப்புக்கு ஒன்று. நாளைய முதுமைக்கு ஒன்றல்ல. படி என்பது வந்த வெள்ளம். அடிப்படைச் சம்பளம் என்பது குளத்தில் தேங்கிய நீர்.

இந்தப் பின்னணியிலேதான் "சம்பள முரண்பாடு" என்னும் சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். 1997ஆம் ஆண்டின் சம்பளச் சீரமைப்பின்போது, ஒத்த தகைமையுடைய ஏனைய சேவைகளிலும் தாம் பின்தள்ளப்பட்டதாக அதிபர் ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. அம்முறைப்பாடு இருபத்துநான்கு ஆண்டுகள் நீடித்தது. 2021 யூலை 12ஆம் நாள் முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் 25ஆம் நாளே பணிக்கு மீண்டனர். சுபோதினி குழு விதந்துரைத்த உயர்வில் மூன்றிலொரு பங்கு 2022 சனவரி முதல் வழங்கப்பட்டது. அதற்கென அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. எஞ்சிய மூன்றில் இரு பங்கைக் கோரி 2024 யூன் 26ஆம் நாள் கொழும்பில் நடந்த ஊர்வலத்தின்மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பாய்ச்சப்பட்டன.

நேயர்களே, ஆசிரியன் என்ற முறையில் நான் அக்கோரிக்கையின் நியாயத்தை உணர்கிறேன். அதிபர் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பெருந்தொற்றால் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தை இழந்திருந்த பிள்ளைக்கு, அந்த மூன்று மாதங்கள் திரும்பி வரவில்லை. நியாயமான கோரிக்கையைக் கால் நூற்றாண்டு காக்க வைத்தால், அதற்குரிய வட்டியைச் செலுத்துபவர் அரசாங்கமும் அல்லர், ஆசிரியரும் அல்லர், மாணவரே.

அரசாங்கத்தின் பக்கத்தையும் நோக்குவோம். நாட்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் உளர். ஒவ்வொருவருக்கும் மாதம் ஆயிரம் ரூபா கூட்டுவதாயின், மாதத்துக்கு 20 கோடி, ஆண்டுக்கு 240 கோடி ரூபா வேண்டும். இதனாலேதான் உயர்வுகள் பெரும்பாலும் தவணை முறையில் வருகின்றன. ஆனால் விலைவாசி தவணை முறையில் ஏறுவதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டிலும் 69.8 வீதம் உயர்ந்து நின்றது. பத்தாயிரம் ரூபாவுக்கு வாங்கிய பொருள்களுக்குப் பதினேழாயிரம் வேண்டியதாயிற்று. ஜனவரியிற் கிடைத்த உயர்வு ஆண்டு முடியுமுன்னரே கரைந்தது. அவ்வாண்டு, சம்பளமின்றி ஐந்தாண்டு வரை விடுமுறை பெற்று வெளிநாடு செல்ல அரசாங்க ஊழியருக்கு வழி திறக்கப்பட்டது. 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த ஓய்வு வயதும் மீண்டும் 60 ஆயிற்று. அனுபவம் மிக்க பலர் ஒரே காலத்தில் பாடசாலைகளை விட்டு நீங்கினர்.

2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. ஆண்டு ஏற்றமும் 80 வீதத்தால் கூட்டப்பட்டது. 2025 ஏப்பிரல், 2026 சனவரி, 2027 சனவரி என இது மூன்று கட்டங்களாக வகுக்கப்பட்டது. இதிலும், தனித்து நின்ற சில கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்துள் அடங்கின. ஆகவே 15,750 ரூபாவும் புதிதாகக் கைக்கு வருவதன்று; ஒரு பகுதி முன்னரே வேறு பெயரில் வந்ததே. ஆயினும், நான் முன்னர் சொன்னது போல, அப்பெயர் மாற்றமும் பயனுடையதே. 2020க்கு முன்னர் ஓய்வு பெற்றோரின் இளைப்பாற்றுச் சம்பளத்தைத் திருத்துவதும் அதே திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரே வகுப்பில், ஒரே சேவைக்காலத்துடன் ஓய்வு பெற்ற இருவர், ஓய்வு நாளின் வேறுபாட்டால் மட்டும் வெவ்வேறு தொகை பெறுவது நீண்டகாலக் குறையாகும்.

எந்தச் சுற்றறிக்கையிலும் இடம் பெறாத ஒரு கூட்டத்தாரையும் நினைவுகூர வேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியரில்லாப் பாடசாலைகளைத் தாங்கியவர் தொண்டர் ஆசிரியர். நிரந்தர நியமனத்தை நம்பி ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் பலர். மலையகத்திலோ, 2014ஆம் ஆண்டின் பின்னர் நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுடனும், பின்னர் 10,000 ரூபாவுடனும் பணியாற்றினர். பிந்தி வந்த நியமனம் பிந்திய சம்பளத்தோடு முடிவதன்று. இளைப்பாற்றுக்குரிய சேவைக்காலத்தையும் அது குறைத்துவிடும்.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் ஆசிரியர் நிலை குறித்து யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் ஏற்கப்பட்ட விதந்துரை, ஆசிரியர் சம்பளம் ஒத்த தகைமை வேண்டும் ஏனைய தொழில்களோடு ஒப்புநோக்கத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும், வாழ்க்கைச் செலவுக்கு ஏற்பக் காலந்தோறும் மீளாயப்படல் வேண்டும் என்றும் கூறுகிறது. "காலந்தோறும்" என்பதே இதில் உயிர்ச்சொல். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை, எவரும் வீதிக்கு இறங்காமலே, தானாக நிகழும் மீளாய்வு ஒன்று நமக்கு வேண்டும்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நியமனக் கடிதம், நிரந்தரமாக்கற் கடிதம், ஏற்றப் படிவங்கள் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும் பேணுங்கள். வினைத்திறன் தடையை உரிய காலத்தில் தாண்டுங்கள். விதவைகள் அநாதைகள் நிதியத்தில் உங்கள் குடும்ப விபரங்களைப் பதிவு செய்யுங்கள். பெண் ஊழியரின் குடும்பத்துக்கும் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைத் தந்துள்ளது. என் சொந்த வகுப்பு உயர்வு ஒன்று, கோவையில் ஒரு தாள் காணாமற் போனமையால் ஈராண்டு தாமதித்தது. தாளைத் தேடியவர் எவருமில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த இளம் ஆசிரியை இப்பொழுதும் எங்களிடமே படிப்பிக்கிறார். அவரோடொத்த இருவர் கடல் கடந்து சென்றுவிட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற கணித வகுப்புகளையும் அவரே ஏற்றிருக்கிறார். அதற்கெனச் சிட்டையில் தனி வரி எதுவும் இல்லை. அவரைப் போன்றோரை இவ்வூரிலும் இதுபோன்ற ஊர்களிலும் நிலைக்கச் செய்வதே ஆசிரியர் சம்பளம் பற்றிய பேச்சின் முழுப் பொருளும் ஆகும்.