ஒளிரும் உலோகச் சேர்வைகளும் உயிர்க்கலமும்

உயிர்க்கலத்தை நுணுக்குக்காட்டியில் நோக்குவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர், அதன் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் நிறமற்றனவாய் இருத்தலாகும். ஆதலின் சாயமூட்டிக் காணும் முறை எழுந்தது. ஆயினும் பழைய முறைகள் பலவற்றில் கலத்தைக் கொன்று பதப்படுத்திய பின்னரே சாயமூட்டுவர். உயிரோடிருக்கும் கலத்தினுள் நிகழ்வதை அறிய விழைவோர்க்கு இது போதாது.

இக்குறையை நீக்க வந்தவை ஒளிர்சாயங்கள். ஒரு நிற ஒளியை உட்கொண்டு, அலைநீளம் மிகுந்த வேறோர் ஒளியை உமிழும் இயல்பைப் புளோரொளிர்வு என்பர். 1852 இல் இதனை விரிவாக ஆராய்ந்து பெயரிட்டவர் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர். எனினும் சேதனச் சாயங்கள் பல, ஒளி படப்பட வெளிறிவிடும். அன்றியும், கலத்திலுள்ள சில பொருள்கள் தாமே ஒளிர்ந்து காட்சியை மயக்கும்.

இங்கேதான் உலோகச் சிக்கற்சேர்வைகள் துணைபுரிகின்றன. ஓர் உலோக அணுவை நடுவே வைத்து, வேறு மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிநிற்கும் அமைப்பே சிக்கற்சேர்வை எனப்படும். சாதாரணச் சாயத்தின் ஒளி, ஒரு செக்கனின் நூறு கோடியிற் சில பங்கு நேரத்தில் அவிந்துவிடும். உருத்தேனியச் சேர்வைகள் பலவற்றின் ஒளியோ அதனினும் ஏறத்தாழ நூறு மடங்கு நீடிக்கும். யூரோப்பியச் சேர்வைகளில் அது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினை எட்டுவதும் உண்டு. ஆகவே, ஒளித்துடிப்பொன்றைப் பாய்ச்சிச் சிறிது தாமதித்துப் படமெடுப்பின், கலத்தின் இயல்பொளி அவிந்திருக்க, சாயத்தின் ஒளி மட்டும் எஞ்சிநிற்கும்.

இவற்றினும் வியத்தகு பண்பொன்று 1990 இல் வெளிப்பட்டது. பார்ட்டன், சோவாஜ் முதலானோர் ஆராய்ந்த உருத்தேனியச் சேர்வையொன்று நீரில் ஒளிர்வதில்லை; மரபுப்பொருளாகிய டீ.என்.ஏ.யுடன் சேர்ந்தவுடன் ஒளிர்கின்றது. இதன் காரணம் எளிது. சேர்வையின் தட்டையான பகுதியிலுள்ள நைதரசன் அணுக்களை நீர் மூலக்கூறுகள் பற்றி ஒளியை அவிக்கின்றன. அத்தட்டைப் பகுதி டீ.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே செருகிக்கொள்ளும்போது, நீர் அவ்வணுக்களை நெருங்க இயலாது, ஒளி தோன்றுகின்றது. சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தபின்னரே ஒளிர்வதால், சேராது எஞ்சிய சாயம் காட்சியைக் கெடுப்பதில்லை.

ஆயினும் கலமென்சவ்வைக் கடந்து உட்புகுதல் இத்தகைய சேர்வைகள் எல்லாவற்றுக்கும் எளிதன்று. 2009 இல் செபீல்ட் பல்கலைக்கழகத்தார், உருத்தேனிய அணு இரண்டு கொண்ட சேர்வையொன்று உயிருள்ள கலத்தினுட் புகுந்து, கருவிலுள்ள டீ.என்.ஏ.யை ஒளிரச் செய்தலைக் காட்டினர். பார அணுக்கள் இலத்திரன்களைச் சிதறச் செய்வதால், அதே சாயம் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கும் பயன்பட்டது.

இத்துணைப் பயன் வாய்ந்த சாயத்திலும் ஓர் இடருண்டு. ஒளியூட்டப்பெற்ற உருத்தேனியச் சேர்வை, தன் சத்தியை அண்மையிலுள்ள ஒட்சிசனுக்கு அளித்து, கலத்தைச் சிதைக்கவல்ல நிலைக்கு அதனைக் கொண்டுவரக்கூடும். புற்றுநோய்க் கலங்களை அழிக்க இவ்வியல்பைப் பயன்படுத்த முயல்வாரும் உளர். ஆயின், உயிரியக்கத்தை உள்ளவாறு காண விழைபவனுக்கு அது தீங்கேயாம். தன் விளக்கினாற் குலைந்த கலத்தை இயல்பான கலமெனக் கருதி அவன் மயங்கக்கூடும். எனவே சாயத்தின் அளவையும் ஒளியின் அளவையும் சுருக்கி, சாயமூட்டாத கலத்தோடு ஒப்புநோக்கியே முடிவுகூறல் வேண்டும்.