பழைய லொறியின் தரம் காணல்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் ‘இடைச்செருகல்’ என்னும் ஒரு சொல்லை வழங்குவர். மூலநூலாசிரியர் பாடாத செய்யுளொன்று பிற்காலத்தார் ஒருவரால் நூலினுட் புகுத்தப்பட்டு, நாளடைவில் மூலத்தோடு மூலமாய் நின்றுவிடுதலையே அது குறிக்கும். சுவடிகளுக்கு நேர்ந்த இக்கதி இயந்திரங்களுக்கும் நேர்வதுண்டு. அமெரிக்க நாட்டிலே பழைய லொறிகளை விலை கொடுத்து வாங்கிப் பேணுவோர் இன்று எதிர்நோக்கும் வினா இதுவே: தொழிற்சாலை தந்தது எது, பின்னர் ஒட்டியது எது?

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக ஷெவ்ரொலே கொம்பனி 1947ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளியிட்டு, 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை செய்துவந்த லொறி வரிசையைக் கொள்ளலாம். நம் நாட்டுச் சாலைகளிலே பெட்போர்ட் லொறிகளைக் கண்டு பழகிய நேயர்களுக்கு இவ்வரிசை அத்துணை அறிமுகமானதன்று. போர் முடிந்த பின்னர் புதிதாக வரையப்பட்ட அந்த லொறிகளின் சாரதி அறை, மூவர் நெருக்கமின்றி அமரத்தக்க அகலம் உடையது. அவ்வறை இரு தரங்களிற் கிடைத்தது. சாதாரண அறையிலே, முகப்புக் கண்ணாடியை நீக்கி எண்ணினால், கதவுகளில் இரண்டும் முதுகுப்புறத்தில் ஒன்றுமாக மூன்று கண்ணாடிகள். உயர்தர அறையிலோ பின்மூலைகள் இரண்டிலும் வளைந்த கண்ணாடிகள் மேலதிகமாக அமைந்து ஐந்தாயின. பின்னோக்கி வண்டியைச் செலுத்துகையில் மூலையிலே மறைவு இல்லாதிருத்தல் சாரதிக்குப் பெரும் உதவியன்றோ? எனினும் அதற்கு மேலதிக விலை கொடுக்கவேண்டியிருந்தமையால், கணக்குப் பார்த்து வாங்கிய கமக்காரர் பலர் மூன்று கண்ணாடியோடு அமைந்துவிட்டனர். இன்று ஐந்து கண்ணாடி அறைக்கே மதிப்பு மிகுதி. மதிப்பு மிகுந்த இடத்திலே போலி புகுதல் இயல்பு.

இனி, சான்றுகளை நோக்குவோம். முதலில் எவரும் தேடுவது இடப்பக்கக் கதவுத் தூணிலுள்ள தொடரிலக்கத் தகட்டையே. 1952ஆம் ஆண்டு வரையில் அத்தகட்டின் முன்னெண் பொருத்திய ஆலையைக் குறிக்கும். 5 என்றால் கன்சாஸ் நகரம். அடுத்த எழுத்து ஆண்டைச் சொல்லும். 1949க்கு ஜி, 1950க்கு எச், 1951க்கு ஜே, 1952க்கு கே. அதனையடுத்து வண்டியின் பார வகையும், பிறந்த மாதமும், வரிசையெண்ணும் வரும். இவ்வளவும் கூறுகின்ற தகடு, அறை எத்தரத்தது என்பதை மட்டும் கூறாது. ஊரும் பிறந்த திங்களும் சொல்லிக் குலம் சொல்லாத சாதகம் போன்றது அது.

ஆதலால் வண்டியின் உடலையே படிக்கவேண்டும். அங்கே அறையின் காலத்தைக் காட்டும் குறிகள் சில உள. 1947, 1948ஆம் ஆண்டு வண்டிகளில் பெற்றோல் தாங்கி அறைக்கு வெளியே, சட்டத்தில் இருந்தது; 1949இல் சிறிய லொறிகளில் அது ஆசனத்தின் பின்னே இடம்பெயர்ந்தது. எனவே வலக்கதவுக்குப் பின்னே பெற்றோல் வார்க்கும் வாய் காணப்படின், அது முதலிரண்டாண்டு அறையன்று. கதவிலே திருப்பித் திறக்கும் சிறு காற்றுக் கண்ணாடி 1951இல் வந்தது. கதவுப் பிடியிலே அழுத்தும் பொத்தான் 1952இல் வந்தது. இரண்டாகப் பிளவுண்டிருந்த முகப்புக் கண்ணாடி 1954இல் ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. தகடு ஓராண்டையும் அறை மற்றோராண்டையும் சொன்னால், வேறு வண்டியின் அறை இங்கே குடிபுகுந்துள்ளது என்பது தெளிவு. இதிலே வியப்பில்லை, பெரிய பார லொறிகளும், ஜி. எம். சி. என்னும் உடன்பிறப்பு வண்டிகளும் அடிப்படையில் அதே அறையையே கொண்டிருந்தன.

அடுத்தது மினுக்கம். உயர்தர அறையின் கண்ணாடி விளிம்புகளிலே துருவேறா உருக்கினாலான ஒளிர்பட்டிகள் ஓடும். இவற்றைக் கண்டதும் பலர் மயங்கிவிடுகின்றனர். என் கருத்தில் இவையே மிகவும் வலுவற்ற சான்று. அவை ரப்பர் விளிம்பின் பள்ளத்திற் செருகப்படுபவை. புதிதாக வார்த்த ரப்பரும் பட்டியும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. பயணிக்குரிய வெயில் மறைப்பு முதலியனவும் ஒரு பிற்பகலிலே பொருத்தத்தக்கவையே. இதற்கு மாறான வழுவும் உண்டு. கொரிய யுத்தம் நிகழ்ந்த 1950 முதல் 1953 வரையான காலத்தில் குரோமியம் முதலிய உலோகங்கள் படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்டமையால், மினுங்கவேண்டிய உறுப்புகள் பல சாயம் பூசியே ஆலையை விட்டுப் போந்தன. ஆகவே 1952ஆம் ஆண்டு வண்டியொன்று மினுக்கமின்றி ஐந்து கண்ணாடிகளோடு நின்றால் அது குறையுடையதன்று. தலை முதல் கால் வரை மினுங்கி நின்றாலே ஐயுறல் வேண்டும்.

மூலைக் கண்ணாடியோ எளிதிற் செருகத்தக்கதன்று. உருக்குத் தகட்டிலே அச்சால் அழுத்திய வளைவும் திறப்பும் அதற்கு வேண்டும். ஆயினும் அழிந்த ஐந்து கண்ணாடி அறையொன்றின் மூலைகளை வெட்டியெடுத்து, மூன்று கண்ணாடி அறையிலே ஒட்டும் வல்லுநர் இருக்கின்றனர். வெளிப்புறத்தே சாயம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். உட்புறத்து மட்டையை நீக்கிக் கைவிளக்கோடு பார்த்தால், தொழிற்சாலை ஒட்டு சிறு வட்டப் புள்ளிகளாக ஒழுங்குற நிரைத்திருக்கும். பட்டறை ஒட்டு தொடர்ந்த தழும்பாக ஓடும், அல்லது அரத்தால் தேய்த்த தடமாயினும் தெரியும். விற்பவர் மட்டையைக் கழற்ற இசையாராயின், ஐந்து கண்ணாடிக்குரிய விலையைக் கொடாதிருத்தலே நன்று.

1967ஆம் ஆண்டிலிருந்து இத்துணைத் தேடல் பெரும்பாலும் வேண்டாவாயிற்று. அவ்வாண்டு முதல் ஷெவ்ரொலே லொறிகளின் முன்பெட்டிக் கதவிலே, வாங்கியவர் விரும்பிப் பெற்ற மேலதிக உறுப்புகளை வரிசைப்படுத்திய தாளொன்று ஒட்டப்பட்டது. ஆனால் அக்கதவும் கழற்றத்தக்கதே. தாளிலுள்ள தொடரிலக்கத்தைத் தூணிலுள்ள தகட்டோடு ஒப்பிட்ட பின்னரே அதனை நம்புதல் தகும்.