இருபது வளைவும் ஒரு மாத்திரையும்

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் சேலத்து வேன் ஒன்று நின்றது. முதலில் இறங்கிய பெண்ணின் கையில் நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம். முகம் வெளிறியிருந்தது. கணவர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்க, ஓரமாகக் குனிந்து வாய் கொப்பளித்தார். ஏறி வந்த பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அத்தைக்கு மலைப் பயணம் என்றாலே அவோமின் வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் தூங்கியபடியே ஏற்காடு வந்துவிடுவார். அவரே பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, தையல் போட்ட வயிற்றை இரு கையாலும் அழுத்திக்கொண்டு இரவு முழுக்க வாந்தி எடுத்தார். "வலியைக்கூடப் பொறுத்துக்கலாம்டா, இதைத் தாங்க முடியல" என்றார். பஸ்ஸில் வாந்தி வருமா என்று ஆபரேஷனுக்கு முன் அவரை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எங்களுக்குத் தெரியாது.

தொடர்பு உண்டு. 1999-இல் ஜெர்மானிய மயக்கவியல் மருத்துவர் கிறிஸ்டியன் ஆப்ஃபெலும் அவருடைய குழுவினரும் நான்கே கேள்விகளில் அதை அடக்கினார்கள். பெண்ணா? புகை பிடிக்காதவரா? பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி வந்ததுண்டா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? ஒன்றுமே இல்லாவிட்டால் நூற்றில் 10 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். நான்கும் இருந்தால் 80 பேருக்கு. மலையேறினால் வாந்தி எடுக்கும், புகை பிடிக்காத நம் ஊர்ப் பெண், ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்பே மூன்றைச் சுமந்துகொண்டு போகிறார், அதுவே 60.

அத்தையின் அவோமினில் இருப்பது புரோமெதசின். 1940-களில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனம் ஒவ்வாமைக்காக உருவாக்கிய மருந்து இது. கடற்படை அறுவை மருத்துவர் ஆன்றி லாபோரி இதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் பதற்றமே இல்லாமல் அமைதியாகக் கிடந்தது அவரை யோசிக்க வைத்தது. நம் ஆஸ்பத்திரிகளில் 'பெத்தடின் - ஃபெனர்கான்' என்று ஒரே மூச்சில் சொல்வார்களே, அந்த ஃபெனர்கானும் இதுதான்.

உள்காதின் சமநிலை உறுப்பு குலுங்கினால், மூளையின் வாந்தி மையத்துக்கு அந்தச் சேதி ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் வழியாகப் போகிறது. புரோமெதசின் இரண்டையும் மறிக்கிறது. இன்று எங்கும் போடப்படும் ஆன்டன்செட்ரான் செரட்டோனினை மறிப்பது. ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்திக்கு நல்ல மருந்து, தூக்கமும் வராது. ஆனால் வளைவுப் பாதைக் குமட்டலுக்கு அது அவ்வளவாக உதவாது. அதனால்தான் ஆபத்து அதிகமுள்ளவருக்கு வெவ்வேறு வழியை மறிக்கும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எதைச் சேர்ப்பது என்பது மயக்க டாக்டரின் முடிவு. "எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும் டாக்டர்" என்று நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புரோமெதசினைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடலாம், கொடுக்கவே கூடாது. ஊசியாகப் போடும்போது மருந்து தமனிக்குள் போய்விட்டால் சதை அழுகிவிடலாம். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கிட்டார் வாசித்துவந்த டயானா லெவின், 2000-ஆம் ஆண்டு தலைவலியும் குமட்டலுமாக கிளினிக்குக்குப் போய், இப்படித்தான் வலது முன்கையை இழந்தார். 2009-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற அவருடைய வழக்கைப் பற்றி அடுத்த வாரம்.