கலர் மீன் கலர் கலரா காசு தருமா? பெட்டா பிரீடிங் சைடு பிசினஸ்: ஒரு ஆடிட்டர் கணக்கு



போன மாசம் ராசிபுரத்துல இருந்து ஒரு தம்பி ஆபீசுக்கு வந்திருந்தார். ஐடி வேலை, வீட்டுல இருந்தே பார்க்கிறார், நல்ல சம்பளம். வரி தாக்கல் பண்ண வந்தவர் போனை நீட்டி ஒரு மீன் போட்டோ காட்டினார். வெள்ளை உடம்புல ஆரஞ்சு, கறுப்பு, நீலப் புள்ளி தெளிச்ச மாதிரி ஒரு பெட்டா.

"அண்ணா, இது கேலக்ஸி கோய்ங்க. ஜோடி 6,000 ரூபாய். நூறு குஞ்சு வந்து, ஒண்ணு 500னு வித்தாலே 50,000ங்க. அஞ்சு ஜோடி வாங்கி, தொட்டியெல்லாம் போட 60,000 பர்சனல் லோன் எடுக்கலாம்னு இருக்கேன்."

அவர்கிட்ட சொன்ன பதிலைத்தான் இங்க விரிவா எழுதுறேன். மீன் பிடிக்காதவங்களும் படிங்க. எந்த சைடு பிசினஸுக்கும் இதே கணக்குதான்.

ஆசை எங்க இருந்து வருது?

பெட்டாவோட தாய்வீடு தாய்லாந்து. 2019ல இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சாங்க. 2016 நவம்பர்ல, தாய்லாந்து கொடி நிறத்துல பிறந்த ஒரே ஒரு பெட்டா ஆன்லைன் ஏலத்துல 53,500 பாட்டுக்குப் போச்சு. அன்னைக்கு நம்ம காசுல சுமார் ஒரு லட்சம் ரூபாய். இந்த மாதிரி செய்திதான் எல்லாரோட கண்ணையும் இழுக்குது. ஆனா ஏலத்துல போனது ஒரு மீன். அதே தொட்டியில பிறந்த மத்த மீனெல்லாம் என்ன விலைக்குப் போச்சுன்னு யாரும் செய்தி போடலை.

மரபணுவும் ஒரு முதலீடுதான்: ரிஸ்க் தெரியணும்

பெட்டா நிறங்கள்ல சிலது ஆர்டி மாதிரி, என்ன வரும்னு முன்னாடியே சொல்லிடலாம். ராயல் ப்ளூ ஆணையும் ராயல் ப்ளூ பெண்ணையும் சேர்த்தா குஞ்சுல சுமார் பாதிதான் ராயல் ப்ளூ. கால்வாசி டர்காய்ஸ், கால்வாசி ஸ்டீல் ப்ளூ. டர்காய்ஸையும் ஸ்டீல் ப்ளூவையும் சேர்த்தாலோ எல்லா குஞ்சும் ராயல் ப்ளூ. ராயல் ப்ளூதான் வேணும்னா ராயல் ப்ளூ ஜோடி வாங்கக் கூடாது, பார்த்தீங்களா? இது தெரியாம போட்டோ பார்த்து வாங்குறவங்கதான் அதிகம்.

கோய், கேலக்ஸி, நீமோன்னு விக்கிறதெல்லாம் மார்பிள் வகையில இருந்து வந்தது. மார்பிள் நிறத்துக்குக் காரணம் 'தாவும் மரபணு'ன்னு விளக்குறாங்க. மரபணுத் தொடர்ல அது இடம் மாறுறப்ப நிறம் சில செல்லுல அணையும், சில செல்லுல எரியும். அதனால அம்மா அப்பா மாதிரியே குஞ்சு வரும்னு உத்தரவாதம் இல்லை. அதுக்கும் மேல, வாங்கின மீனே கொஞ்ச மாசத்துல வேற நிறத்துக்கு மாறிடலாம். மூணு மாசத்துல எடுத்த போட்டோ எட்டாவது மாசத்துக்குச் செல்லாது. தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே தடை பண்ணிட்டாங்க. மார்பிள் பெட்டாவுக்கு அந்தத் தடை இல்லை, அவ்வளவுதான்!

இன்னும் ரெண்டு பொறி இருக்கு:

மெலனோ பிளாக்: இந்த வகைப் பெண் மீன் முட்டை போட்டாலும் பெரும்பாலும் பொரியாது. 'மெலனோ ஜோடி'ன்னு காசு கொடுத்து வாங்கினா தொட்டி காலியாதான் இருக்கும். கறுப்பு ஆணோட அந்த மரபணுவை ஒளிச்சு வச்சிருக்கிற வேற நிறப் பெண்ணைச் சேர்த்துதான் இந்த நிறத்தை எடுக்கிறாங்க.

டிராகன் ஸ்கேல்: தடிச்ச வெள்ளிச் செதில் அழகுதான். ஆனா சில மீனுக்கு அந்தச் செதில் வளர்ந்து கண்ணையே மூடிடும். பார்வை போன மீனை விக்கிறது நியாயமும் இல்லை, வாங்கினவங்க திரும்ப வரவும் மாட்டாங்க.

ஒரு ஈத்துக் கணக்கு

கீழ இருக்கிறது உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கங்க.

ஆண் மீன் நுரைக்கூடு கட்டும். முட்டை ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும். அடுத்த ரெண்டு மூணு நாள்ல குஞ்சு நீந்தும். அங்க இருந்துதான் வேலையே ஆரம்பிக்குது: நுண்ணுயிர்த் தண்ணி, மைக்ரோவார்ம், தினமும் புதுசா பொரிச்ச ஆர்ட்டீமியா. ரெண்டு மாசம் வாக்குல ஆண் குஞ்சுங்க சண்டை போட ஆரம்பிக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனி ஜார் வேணும்.

150 குஞ்சு பொரிஞ்சு, 80 மீன் விற்பனை வயசுக்கு வந்ததுன்னு வைங்க. 40 ஆண், 40 பெண்.

வரவு:
- முதல் தர ஆண் 6 × 600 = 3,600
- சாதா ஆண் 20 × 150 = 3,000
- கடைக்குக் கொடுக்கிற ஆண் 14 × 50 = 700
- நல்ல பெண் 5 × 200 = 1,000
- மீதிப் பெண் 35 × 20 = 700
- மொத்தம் 9,000 ரூபாய்

செலவு:
- தாய் ஜோடி 2,500, ரெண்டு ஈத்துக்குப் பிரிச்சா 1,250
- தீனி 1,200
- கரண்ட் 400
- தொட்டி, ஜார் 3,600, ஆறு ஈத்துக்குப் பிரிச்சா 600
- பாதாம் இலை, உப்பு, மருந்து 250
- கவர், தெர்மாகோல் பெட்டி, பஸ் பார்சல் 1,300
- மொத்தம் 5,000 ரூபாய்

லாபம் 4,000 ரூபாய். நாலு மாசம், தினம் ஒரு மணி நேரம்னா 120 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். அந்த ஆறு முதல் தர மீன் சாதா மீனா வந்திருந்தா வரவு 6,300, லாபம் 1,300. மணிக்கு 11 ரூபாய்! மொத்த லாபமும் அந்த ஆறு மீன் மேலதான் நிக்குது. அந்த ஆறைத் தீர்மானிக்கிறது மரபணு.

இப்ப தம்பியோட லோனுக்கு வாங்க. 60,000 ரூபாய், 15 சதவீத வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 2,900. ஒரு ஈத்து மாசத்துக்கு 1,000 ரூபாய் தருதுன்னா, இஎம்ஐ கட்ட மட்டுமே எந்நேரமும் மூணு ஈத்து ஓடிட்டே இருக்கணும். அதாவது 120 ஜாருக்குத் தண்ணி மாத்தணும். ஒரு ஈத்துகூடத் தவறக் கூடாது. ஆபீஸ் மீட்டிங் எப்ப போவீங்க?

நம்ம ஊர் சிக்கல்

நாமக்கல்ல முட்டைக்கு தினம் விலை அறிவிப்பு வருது. காலைல எழுந்தா நம்ம சரக்கு மதிப்பு என்னன்னு தெரியும். பெட்டாவுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. வாங்குறவர் சொல்றதுதான் விலை. பெரிய சந்தை சென்னை கொளத்தூர்ல (நம்ம மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் இல்லைங்க!). அங்க வருஷக்கணக்கா மொத்தமா வளர்க்கிறவங்களோட விலையில நாம போட்டி போட முடியாது.

நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பும் கடினத்தன்மையும் அதிகம், முதல்ல டெஸ்ட் பண்ணிடுங்க. மார்கழி, தை ராத்திரிக் குளிருக்குக் குஞ்சு தாங்காது. ஹீட்டர் செலவைக் கணக்குல சேருங்க. அப்புறம், விக்காத மீனை ஏரியிலயோ கிணத்துலயோ விடாதீங்க. அது நம்ம மண்ணு மீன் இல்லை.

வரி: இதைத் தவற விடாதீங்க

1. மீன் வளர்ப்பு விவசாய வருமானம் இல்லை. லாபத்துக்காகத் தொடர்ந்து வித்தா அது தொழில் வருமானம். உயிர் மீனுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு, வருமான வரிக்கு இல்லை.

2. தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது. மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள்ள இருந்து, 44ஏடி அனுமான முறையில போனா ஐடிஆர்-4. டிஜிட்டல்ல வந்த பணத்துல 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் குறைஞ்சபட்ச லாபம்னு காட்டணும். (உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதைக் காட்டுங்க.) 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகிற 2025 வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்கள் வேற.

3. நஷ்டம் வந்தா அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணியிருந்தா 8 வருஷம் வரைக்கும் தொழில் லாபத்துல மட்டும் கழிக்கலாம்.

4. இதுதான் முக்கியம். சம்பளம் மட்டும் இருக்கிறவங்க பழைய வரி முறை, புதிய முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருந்தா அந்த வசதி போயிடும். பழைய முறை வேணும்னா கெடுவுக்குள்ள அதுக்கான படிவம் கொடுக்கணும். ஒருமுறை புதியதுக்குத் திரும்பிட்டா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டு வாடகை, ஹோம் லோன் வட்டி கழிக்கிறவங்க 4,000 ரூபாய் மீன் லாபத்துக்காக எதைப் பணயம் வைக்கிறோம்னு பாருங்க. அதுக்காக மறைக்கவும் கூடாது. தெரிஞ்சு இறங்குங்க.

5. மீனுக்குத் தனி பேங்க் கணக்கு வைங்க. கம்பெனி வேலை ஒப்பந்தத்துல வெளித் தொழில் செய்யத் தடை இருக்கான்னும் பாருங்க.

மானியமும் இருக்கு. 2020ல வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்துல வீட்டுக் கொல்லை வண்ண மீன் யூனிட்டுக்கு 3 லட்சம் வரை திட்டச் செலவு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 60 சதவீதம் மானியம். இப்ப விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மாவட்ட மீன்வளத் துறை ஆபீஸ்ல கேளுங்க. மீதிப் பணம் உங்க பாக்கெட்ல இருந்துதான் வரணும்ங்கிறதை மறக்காதீங்க.

தம்பிக்கு என்ன சொன்னேன்?

"லோன் வேண்டாம். ஒரு டர்காய்ஸ், ஒரு ஸ்டீல் ப்ளூ வாங்கு. ஒரே ஒரு ஈத்து எடு. நோட்டுல ஒவ்வொரு ரூபாயும், ஒவ்வொரு மணி நேரமும் எழுது. அந்த லாபத்துல கோய் வாங்கு. போனா போகட்டும்னு சொல்லக்கூடிய காசுல மட்டும் லாட்டரி ஆடு."

கொஞ்சம் முகம் வாடிடுச்சு. போன வாரம் மெசேஜ் வந்தது: "அண்ணா, நுரைக்கூடு கட்டிருச்சுங்க." கூடவே ஒரு நோட்டு போட்டோ. முதல் பக்கத்துல தேதி, செலவு, நேரம்னு மூணு பத்தி.

மீன் போட்டோவைவிட எனக்கு அந்த நோட்டுதான் பிடிச்சிருந்தது.