ப்ராப்ளம் கேள்விக்கு அஞ்ச வேண்டாம்

சோழவரம் பக்கத்திலிருந்து செங்குன்றத்தில் பஸ் மாறி, திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. 1891இல் தொடங்கி, உயர் நீதிமன்றத்தை ஒட்டி இயங்கிய சென்னை சட்டக் கல்லூரி, 2018இல் இங்கும் புதுப்பாக்கத்திலுமாகப் பிரிந்தது. பிள்ளைகளை அங்கே அதிகம் மிரட்டுவது, ஒரு சம்பவத்தைச் சொல்லி அதற்குச் சட்டத் தீர்வு கேட்கும் ப்ராப்ளம் கேள்விதான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ரசாயன ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து, பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்துவிடுகிறார். வெளியாள் யாரோ வால்வைத் திறந்துவிட்டதாக ஆலை சொல்கிறது. ஆலை நஷ்டஈடு தர வேண்டுமா?

கைடை மனப்பாடம் செய்தவர், ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கின் நீர்த்தேக்கக் கதையை இரண்டு பக்கம் எழுதிவிடுவார். கேள்வியிலிருக்கும் வால்வு அவர் விடைத்தாளில் வரவே வராது. மதிப்பெண்ணோ அந்த வால்வில்தான் இருக்கிறது. ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் வைத்திருப்பவர், அது வெளியேறி விளைவிக்கும் சேதத்துக்குத் தன் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று அந்த வழக்கில் 1868இல் உறுதியான விதிக்கு, மூன்றாம் ஆளின் செயல் ஒரு விதிவிலக்கு. அதோடு நிறுத்தினால் ஆலை தப்பிவிடும். 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அதையொட்டிய எம்.சி.மேத்தா வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பி.என்.பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துபவருக்கு அந்த விதிவிலக்குகள் எதுவும் கிடையாது என்றது. கேள்வியில் ‘ரசாயன ஆலை’ என்று சொல்லியிருப்பது அதற்காகத்தான். விஷவாயுவைக் கையாள்வது அபாயகரமான தொழில். எனவே வால்வை யார் திறந்திருந்தாலும் ஆலையே பொறுப்பு. பிரச்சினை, சட்டம், பொருத்திக் காட்டுதல், முடிவு என்று இந்த வரிசையில் ஒரு பக்கம் எழுதினால் போதும். பொருத்திக் காட்டும் இடத்தில்தான் மாணவர் வக்கீலாகிறார்; அதை ஒரு வரியில் தாண்டிவிடக் கூடாது.

குற்றவியல் தாளில் தேதியையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குத் தண்டனைப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முந்தைய கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான். பழைய கைடு இதைச் சொல்லாது.

கும்மிடிப்பூண்டி ஆலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாயுக் கசிவுக் கேள்வி அந்நியமில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தச் செய்தியையே கேள்வியாக்கி, கடிகாரம் வைத்து விடை எழுதி, ஒரு சீனியரிடம் திருத்தக் கொடுக்கலாம்.